என் மெஷின் நீங்கலாக

அக்டோபர் 6, திங்கள்

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் சர்வர் பெட்டியின் நெற்றியில் இன்னும் காய்ந்து கிடக்கின்றன. துடைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அந்தப் பெட்டிக்குள்தான் கார்டு இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த, நெட்வொர்க்கைக் கண்காணிப்பதற்கென்றே செய்த கார்டு. ஸ்க்ரூ முடுக்கிப் பொருத்தியது நான்தான்.

நேற்று போனில் என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ், "நீ அங்க என்னவாக்கும் செய்யுத? யாரும் கேட்டா சொல்லத் தெரியல்ல" என்றார். சொன்னேன். ஆபீஸ் கம்பியில் போகிறது வருகிறது எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும், பாக்கெட் என்று பெயர், ஒவ்வொன்றின் மேலும் யாரிடமிருந்து யாருக்கு என்று இருக்கும். போகிற வழியில் நகல் எடுப்பது கார்டின் வேலை. எடுத்ததை மற்ற புரோகிராம்கள் படிப்பதற்கு ஒரு லைப்ரரி வேண்டும். அதை எழுதுவது என் வேலை.

"அப்பம் போஸ்ட் ஆபீஸ்ல இருந்துகிட்டு அடுத்தவன் கவரைப் பாக்குத வேலை."

"பிரிக்க மாட்டோம். மேல உள்ள அட்ரஸ் மட்டும்தான்."

"அதுக்கு மரியாதைன்னு பேராக்கும்?"

பாலிடெக்னிக் வாத்தியாருக்கு வாய் கொஞ்சம் நீளம். நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு மகளையும் சமையலையும் தனியாகப் பார்த்துக்கொள்கிற மனிதர் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

எழுதியதையெல்லாம் சேர்த்துக் கோப்பதற்குப் பெயர் பில்ட். இன்றைய முடிவு: "கார்டு ஆதரவு: இல்லை." கார்டு உள்ளே இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் புரோகிராம் ஓடுகிறது, பச்சை விளக்கு கண் சிமிட்டுகிறது. ஆனால் என் பில்ட் மட்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது.

அக்டோபர் 8, புதன்

காலையில் மீட்டிங். மேனேஜர் வைத்தீஸ்வரன் சார் நல்ல சட்டை போட்டு வந்தால் கெட்ட செய்தி என்று அர்த்தம். இன்று இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை.

நவம்பர் 12 அன்று வாடிக்கையாளருக்கு டெமோ. அதில் முதலில் படித்துக் காட்டப்போவது எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கையே. "நம்ம சமையலை நாமளே சாப்பிட்டுக் காட்டணும்ப்பா. அப்பத்தான் நம்பிக்கை வரும்." கார்டைப் பொருத்திய அன்றே அதன் கம்பெனி கொடுத்த புரோகிராமை ஓட விட்டுவிட்டாராம். அன்றிலிருந்து இந்தத் தளத்தில் நடப்பதெல்லாம் அவருடைய டிஸ்க்கில் பதிவாகிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பதிவைத் திறக்க என் லைப்ரரி ஒன்றுதான் வழி.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். எந்த மெஷின் எந்தக் கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போகிறது என்று எம்.டி.க்கு ஒரு பட்டியல் வேண்டுமாம். "ஆளுங்க ஓடுறதுக்கு முன்னாடி தெரியணும்ல."

முன்பு எங்களோடு வேலை பார்த்த செபாஸ்டினை எல்லோரும் நினைத்துக்கொண்டோம். ஆபீஸ் மெஷினிலிருந்து வேலைக்கு விண்ணப்பித்தான் என்று சர்டிபிகேட்டில் "ஒழுங்கு நடவடிக்கை" என்று எழுதி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு எந்தக் கம்பெனியும் அவனை உள்ளே விடவில்லை. இப்போது அவன் மைத்துனரின் டைல்ஸ் கடையில் இருக்கிறான்.

நான் இங்கே எழுதிவிடுகிறேன், வேறு எங்கே சொல்ல. கார்டைப் பொருத்தி ஒரு வாரம் கழித்து, திருவனந்தபுரத்துக் கம்பெனியில் வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட்டை என் ஆபீஸ் மெஷினில் எழுதினேன். மதியம்தான் எழுத வேண்டும் என்றார்கள். போன்களை வாசலில் லாக்கரில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், ஹாஸ்டலில் லேப்டாப் கிடையாது. திருவனந்தபுரம் கிடைத்தால் தினமும் ரயிலில் போய்விட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அவ்வளவுதான் என் ஆசை.

லைப்ரரியை முடிக்காமல் என்னை விட மாட்டார்கள். முடித்தால் அதில் முதலில் மாட்டுவது நான்.

அக்டோபர் 9, வியாழன்

கார்டு ஆதரவு: இல்லை. இன்று முதல் முறையாக அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

"உண்டு" என்று சொல்லிவிட்டது.

சர்வரில் டிரைவர் இரண்டு பதிப்பாக இருந்திருக்கிறது. பில்ட் பழையதன் கோப்புறையில் தேடிக்கொண்டிருந்தது, கார்டு புதியதோடு பேசிக்கொண்டிருந்தது. பாதையை மாற்றினேன், பொசுக்கென்று ஒத்துக்கொண்டது. சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் இனி நான் எழுதிய டெஸ்ட்டும் வெளியே வரும் என்று உறைத்தது.

உமாபதி வந்து எட்டிப் பார்த்தார். எங்கள் டெஸ்டர். ராயபுரத்துக்காரர். ஒரு மெசேஜில் முற்றுப்புள்ளி இல்லையென்றாலும் பிழை என்று பதிவு செய்துவிட்டுத்தான் டீ குடிப்பார். அவரைக் கண்டால் பாதிப் பேர் கழிவறைக்குள் நுழைந்துகொள்வார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும். சாப்பாட்டு டப்பாவில் மீன் இருந்தால் கேட்காமலே எனக்குப் பாதி வைப்பார்.

"இன்னா ஜெஸி, உண்டுன்னு வருது, மூஞ்சி இல்லன்னு சொல்லுது?"

தலைவலி என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

திருவனந்தபுரம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் வாசலில் போனை வாங்கியபோது மெயில் இருந்தது. நவம்பர் கடைசி வாரம் சேர வேண்டும். பழைய கம்பெனியிலிருந்து சுத்தமான ரிலீவிங் சர்டிபிகேட் கட்டாயம்.

பஸ் ஸ்டாப்பில் நின்று ஜஸ்டஸிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு மகள் நிவியா போனைப் பிடுங்கினாள். "அம்மா, எப்பம் வருவ?" அவள் வேறெதுவும் கேட்பதில்லை.

"வேலை முடிஞ்சதும் வருவேன் மக்களே."

"உனக்கு வேலை முடியவே முடியாதா?"

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

"உங்களுக்குத்தான் தீபாவளி இல்லையேம்மா" என்று வைத்தி சார் சிரித்தபடி என்னைப் பணிக்குப் போட்டுவிட்டார். கிறிஸ்துமஸுக்குக் கேட்டால் டெலிவரி இருக்கும், அது வேறு கதை. வாசல் செக்யூரிட்டி அண்ணாச்சி ஒரு காகிதத்தில் முறுக்கும் லட்டும் கட்டிக் கொடுத்தார். தளத்தில் நானும் ஏ.சி. சத்தமும்தான்.

லைப்ரரியை முதல் முறையாக நேரடியாக ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் டிஸ்க் நிரம்பி வழிந்தது. ஆளே இல்லாத ஆபீஸில் எங்கிருந்து இவ்வளவு பாக்கெட்?

விஷயம் இதுதான். சர்வரில் பிடிபடுவதை நான் என் மேஜையிலிருந்து பார்க்கிறேன். திரையில் ஒரு வரி தெரிய வேண்டுமென்றால் அந்த வரியே பாக்கெட்டாக அதே கம்பி வழியாக என் மெஷினுக்கு வர வேண்டும். அதையும் கார்டு பிடிக்கிறது. பிடித்ததைக் காட்ட இன்னொரு பாக்கெட் கிளம்புகிறது. அதையும் பிடிக்கிறது. இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற மடத்தனம் இது. செய்துவிட்டு வெட்கத்தில் யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

மருந்தும் எல்லோருக்கும் தெரியும். எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று சொல்கிற ஃபில்டரில் ஒரு வரி: என் மெஷின் நீங்கலாக எல்லாம். எழுதினேன், பாக்கெட் புயல் நின்றது.

சர்வருக்கும் எனக்கும் நடக்கிற பேச்சை மட்டும் விலக்கினாலே போதும்தான். முழு மெஷினையும் விலக்கத் தேவையில்லை. ஆனால் பண்டிகை நாளில் தனியாக உட்கார்ந்திருக்கிறவள் அவசரத்துக்கு எழுதினால் இப்படித்தான் இருக்கும். அந்த வரி லைப்ரரியின் அடிப்படை அமைப்பில் உட்கார்ந்துவிட்டதால் பழைய பதிவுகளைப் படிக்கும்போதும் என் மெஷின் வராது. அது தானாக அமைந்தது. நான் திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை.

லட்டு நன்றாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வரும்போல இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

உமாபதி ஒரு பிழை பதிவு செய்திருக்கிறார், என் பெயருக்கு. தலைப்பு: "கார்டு எண்ணியதும் லைப்ரரி எண்ணியதும் ஒத்துப்போகவில்லை."

வினை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் என்னிடமிருந்துதான். கார்டு தன் கண்ணில் பட்ட ஒவ்வொரு பாக்கெட்டையும் தானே எண்ணி வைக்கும். ஃபில்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த எண்ணிக்கையையும் லைப்ரரி கையில் கொடுத்த எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்படி போன மாதம் நான்தான் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. ஒரு பாக்கெட்கூட விட்டுப்போகவில்லை என்று மார்தட்டிக்கொள்ள எழுதினேன். இப்போது அந்தத் திரையில் தினமும் ஒரு வித்தியாசம் நிற்கிறது. அது மொத்தமும் நான்.

அக்டோபர் 24, வெள்ளி

உமாபதி நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

"முழு மெஷினையும் எதுக்கும்மா விலக்கின?"

"புயல் வந்துச்சு சார். அவசரத்துக்கு."

"அதான் அவசரம் முடிஞ்சிடுச்சே. ஒண்ணு சொல்றேன் கேளு. உன் மெஷின்லேர்ந்து சர்வருக்கு நேரா தனிக் கேபிள் ஒண்ணு போட்டுடு. நீ பாக்குறது அந்த வழியா வரட்டும். கார்டு பாக்குறது கார்டு வழியா வரட்டும். அப்பால ஃபில்டரே வேணாம், வித்தியாசம் ஜீரோ."

சரியான யோசனை. எனக்குத் தோன்றாத யோசனை என்று எழுத ஆசைதான். எழுந்து போய் ஸ்டோரிலிருந்து நீளமான நீலக் கேபிள் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து என் மேஜையில் போட்டார்.

"போட்டுட்டு சொல்லு. நான் பிழையை க்ளோஸ் பண்றேன்."

கேபிளை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை பார்க்கலாம்.

அக்டோபர் 27, திங்கள்

மழை. வேளச்சேரியில் தண்ணீர் ஏறிவிட்டதென்று பாதிப் பேர் வரவில்லை. கேபிளுக்கு நேரமில்லை.

அக்டோபர் 29, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். ஃபில்டர் வரியை எடுத்துவிட்டுப் பழைய பதிவை ஒரே ஒரு தடவை ஓட்டினேன். நான் எவ்வளவு மோசமாகத் தெரிகிறேன் என்று பார்க்கத்தான். பட்டியல் வந்தது. இரண்டாவது வரியில் என் மெஷின், திருவனந்தபுரத்துக் கம்பெனியின் பெயர், தேதி.

முதல் வரியில் வைத்தி சாரின் மெஷின். பெங்களூரில் ஒரு கம்பெனி, ஹைதராபாத்தில் இரண்டு. பதிவை ஓட விட்டவரே அவர்தானே என்று முதலில் தோன்றியது. ஆனால் விருந்துக்குச் சமைத்தவர் அது தன் இலையிலும் விழும் என்று நினைக்கவில்லை போலும். சிரிப்பு வந்தது. சிரித்தேனா என்று தெரியவில்லை, பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். அவர்தான். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"டெஸ்டிங்குக்கு என் மெஷினும் யூஸ் ஆச்சு இல்லம்மா?"

"இல்ல சார்."

"ஆச்சும்மா. ஞாபகம் இல்லையா? உன்னோடது ஏற்கனவே ஃபில்டர்ல இருக்கு. அது பக்கத்துல என்னோடதையும் சேர்த்துடு."

மேஜையில் இருந்த பேனாவைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருவனந்தபுரம் நல்ல ஊருதான். ஆனா நீ போயிட்டா இந்த ஃபில்டரை யாரு பாத்துப்பா? புதுசா வர்றவன் நோண்டுவான். நீ ஒரு வருஷம் இரு. உன்னை யாரும் தொடாம நான் பாத்துக்கறேன். என்னை நீ பாத்துக்கோ."

மிரட்டவில்லை. குரலில் கெஞ்சல்தான் இருந்தது. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. என் கையாலேயே இரண்டாவது வரியை எழுதினேன்.

நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள்

ஊருக்குப் போக விடவில்லை. ஜஸ்டஸ் என் அம்மாவின் கல்லறையைக் கழுவிப் பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டுப் படம் அனுப்பினார். நிவியா சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உயரமாகிவிட்டாள்.

ஒரு வருஷம் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

எம்.டி.க்குப் பட்டியல் போனது. அதில் ஒரே ஒரு பெயர். உமாபதி.

மற்றவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், வீட்டில் தேடுகிறவர்கள். உமாபதிதான் போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் வேலைவாய்ப்புப் பக்கத்துக்குப் போயிருக்கிறார். லேப் டெக்னீஷியன் வேலை. அவர் மனைவி கோகிலாவுக்கு. நாலு வருஷமாக வீட்டில் இருக்கிற பெண்ணின் விண்ணப்பத்தை அவர் டைப் செய்து அனுப்பியிருக்கிறார்.

வைத்தி சார் எல்லோர் முன்னாலும் கேட்டபோது அதைத்தான் சொன்னார். "சார், நான் லேப் டெக்னீஷியனா போவனா? என்னைப் பாத்தா ரத்தம் எடுக்குறவன் மாதிரியா கீது?" யாரும் சிரிக்கவில்லை. பட்டியலில் மெஷின் பெயர்தான் இருக்கிறது, மனைவி பெயர் இல்லை என்றார் வைத்தி சார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

உமாபதியை அங்கேயே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெஸி, அந்தப் பிழை இன்னும் ஓப்பன்ல கீது. யாராவது 'இது இப்படித்தான்'னு க்ளோஸ் பண்ணப் போறாங்க. விடாதே."

அந்த வித்தியாசத்தில் ஒளிந்திருப்பது இரண்டு மெஷின் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தால் என்னை ஏன் திட்டவில்லை? செக்யூரிட்டி அண்ணாச்சி அவருடைய போனைக் கொடுத்தபோது எழுந்து நின்றார்.

ஹாஸ்டலில் அழுதேன். அவருக்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். மாட்டியவர் வெளியே போய்விட்டார், மாட்டாதவர்கள் இரண்டு பேரும் உள்ளே இருக்கிறோம் என்பதற்காகவும் அழுதேன்.

நவம்பர் 6, வியாழன்

வைத்தி சார் அந்தப் பிழையை "இது இப்படித்தான்" என்று குறித்து மூடச் சொன்னார். நாளை செய்கிறேன் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

நாளை.

நவம்பர் 10, திங்கள்

நேற்று ராயபுரம் போனேன். உமாபதி வீட்டில் இல்லை. கோகிலாதான் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூப்பிட்டிருந்தார்களாம், உமாபதியின் வேலை போனதைக் கேட்டதிலிருந்து போக மனசில்லையாம். "என்னாலதானேம்மா" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மீன் குழம்பு ஊற்றிவிட்டார், சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று காலையில் ஜஸ்டஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சர்டிபிகேட் கெட்டால் திருவனந்தபுரமும் போய்விடும் என்றேன். "நிவியாக்கு நான் என்ன சொல்லணும்?" என்று மட்டும் கேட்டார்.

டிராயரைத் திறந்தேன். நீலக் கேபிள் சுருண்டு கிடந்தது.

நவம்பர் 12, புதன்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போனேன். நீலக் கேபிளை என் மெஷினிலிருந்து சுவரோரமாக இழுத்துச் சர்வருக்கு மாட்டினேன். காய்ந்த குங்குமம் கையில் ஒட்டியது. ஃபில்டரில் இருந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். மறுபடி பில்ட் செய்தேன். "கார்டு ஆதரவு: உண்டு."

பத்து மணிக்கு எம்.டி., வாடிக்கையாளர் தரப்பில் மூன்று பேர், நீலச் சட்டையில் வைத்தி சார். நான் ஓட்டினேன். அந்தத் தரப்பில் வயதான ஒருவர், இந்தத் தொழிலில் எல்லோரும் கேட்கிறதைக் கேட்டார். "எவ்வளவு விட்டுப்போகுது?"

"நீங்களே பாருங்க சார்."

இரண்டு எண்ணிக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கடைசி இலக்கம் வரை ஒன்றுதான். வித்தியாசம்: பூஜ்யம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அடுத்த திரை பட்டியல். முதல் வரி வைத்தி சார், இரண்டாவது வரி நான், மூன்றாவதாக உமாபதி. எம்.டி. படித்தார். வைத்தி சார் என் பக்கம் திரும்பவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அந்த மனிதரும் எங்கேயோ போக வேண்டும் என்றுதான் இருந்திருக்கிறார். அதை நினைத்தபோது பாவமாகக்கூட இருந்தது.

வாடிக்கையாளர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது வரி நான்தான், அது எனக்காகத்தான், என்றேன். மூன்றாவது வரி அவர் மனைவிக்காக, ஆஸ்பத்திரியில் கேட்டால் சொல்வார்கள், என்றேன். எம்.டி. ஒரு காகிதத்தில் ஆஸ்பத்திரியின் பெயரை எழுதிக்கொண்டார். என்னை இன்றோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். என் சர்டிபிகேட்டில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வாசலில் நின்றே திருவனந்தபுரத்துக்குப் போன் செய்து, என்ன காகிதம் வரப்போகிறது, ஏன் என்று சொல்லிவிட்டேன். போனை எடுத்த பெண் என் பெயரை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டு, "பேசிட்டு சொல்றோம் மேடம்" என்றாள். சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

பிறகு வீட்டுக்குப் பேசினேன். புதன்கிழமை மதியம் நான் போன் செய்ததில் ஜஸ்டஸ் பயந்துவிட்டார். நிவியா காய்ச்சல் என்று பள்ளிக்குப் போகவில்லையாம், குரலில் காய்ச்சலைக் காணோம்.

"அம்மா, எப்பம் வருவ?"

"நாளைக்குக் காலம்பற, மக்களே."

நம்பவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்து, உண்மையா என்று விசாரிக்கச் சொன்னாள்.

விழுப்புரம் தாண்டியதும் உமாபதிக்கு ஒரு வரி அனுப்பினேன். நீலக் கேபிள் போட்டுவிட்டேன் என்று.

உடனே பதில் வந்தது. "வித்தியாசம் எவ்ளோ?"

"ஜீரோ."

"என் வரியும் வந்துச்சா?"

"எல்லாருடையதும் வந்துச்சு சார். என்னுடையதும்."

ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது. பிறகு போன் அதிர்ந்தது.

"அப்ப க்ளோஸ் பண்ணிடு."